உன் கல்யாணத்தில் சோறு யாருக்கு

மக்கா,

நீயும் மாப்பிள்ளையும் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறிய மறுநாளே உனக்கு எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை காய்ந்ததுதான் மிச்சம், சில வாரம் ஓடிவிட்டது. உன் அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். "மகளுக்கு எழுதுகதுக்கு இம்புட்டு யோசனையா? கோர்ட்டுக்கு எழுதுன மாதிரி எழுதிராதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னது சரிதான். நான்கைந்து வருஷமாக வக்கீல்களுக்கே எழுதிப் பழகிய கை. எதை எழுதினாலும் யாரோ குறுக்குக் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. இதை நீ மட்டும்தான் படிப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுதுகிறேன்.

நம் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து மதராஸோடு சேர்ந்துவிட்டன. ஊரில் வெடி போட்டார்கள், கொடி கட்டினார்கள். நானும் போய் நின்றேன். கால் முட்டு வலித்ததால் பாதியில் வந்துவிட்டேன். மாப்பிள்ளை கேரளத்திலேயே உத்தியோகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், அது அவர் பிழைப்பு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மகள் வீட்டுக்குப் போக இனி வேறொரு ராஜ்யத்துக்குப் போக வேண்டும் என்பது இந்த வயதில் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். இப்போதெல்லாம் பிடிக்காத காரியங்களோடு சண்டை போடத் தெம்பில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். உன் தங்கை வள்ளிக்குத் தை மாசம் கல்யாணம் குறித்திருந்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. "அப்பா, எனக்குப் போட்டது மாதிரி வள்ளிக்கும் ஊருக்கே சோறு போடுவியளா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாய். "பாப்போம் மக்கா" என்றேன். பஸ் வந்துவிட்டது. நீ சிரித்தாலும் அதற்குள் என்ன கேள்வி இருந்தது என்று எனக்குத் தெரியும். வள்ளிக்கு நான் குறைத்துப் போட்டால், உன் கல்யாணச் சாப்பாடு உனக்காக இல்லை, ஓட்டுக்காகத்தான் என்று ஆகிவிடும். எதிர்க்கட்சி வக்கீல் இரண்டு நாள் நின்று கேட்டும் என்னிடம் வாங்க முடியாத பதிலை, நீ பஸ் வருகிற நேரத்தில் கேட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்த முதல் பொதுத்தேர்தலில் நான் நின்றது ஆசையால்தான். ஊர் கேட்டுக்கொண்டது என்று மேடையில் சொன்னேன். ஊர் கேட்டது உண்மை, ஆனால் கேட்க மாட்டார்களா என்று அதற்கு முன்பே நான் காத்திருந்ததும் உண்மை. வாய்க்கால் தண்ணீர் வழக்கைப் பேசித் தீர்க்கிறவனுக்குச் சட்டசபையிலும் பேசலாம் என்று தோன்றிவிடும். உன் கல்யாணம் அந்த வருஷம் தை மாசத்துக்குக் குறித்திருந்தது. ஓட்டு மார்கழியில். உன் சித்தப்பாதான் என் தேர்தல் ஏஜெண்டு. ஒரு நாள் களத்தில் நின்றுகொண்டு அவன் சொன்னான்: "அண்ணேன், தையில வச்சா ஓட்டு முடிஞ்சிரும். கார்த்திகையில வச்சா ஊரு பூரா நம்ம வீட்டுல கை நனைச்சுட்டுப் போய் ஓட்டுப் போடும்." நான் அவனைத் திட்டவில்லை. அன்று சாயங்காலமே சம்பந்தி வீட்டுக்குப் போய், தேர்தல் முடிந்தால் எனக்குச் சட்டசபை வேலை வந்துவிடும், கார்த்திகையிலேயே முடித்துவிடலாம் என்று பேசி நாளை மாற்றிக்கொண்டு வந்தேன். அவர் பெரிய மனிதர், மறுபேச்சுப் பேசவில்லை. உன்னிடம் நான் கேட்கவே இல்லை. உன் அம்மா சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது. தைக்கக் கொடுத்த ரவிக்கை வந்து சேராமல் அத்தை மகளின் ரவிக்கையைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாய் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

நம் பக்கத்துக் கல்யாணச் சாப்பாடு உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குப் போட்டது நம் வீட்டில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பருப்பும் நெய்யும், அவியல், எரிசேரி, தீயல், புளிசேரி, சிறுபயிற்றில் ஒரு பிரதமன், அடையில் ஒரு பிரதமன் என்று பாயசமே இரண்டு. பக்கத்து ஊர்களுக்கெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தேன். பந்தி எழுந்து பந்தி உட்கார்ந்து, வெயில் தாழ்ந்த பிறகும் இலை விழுந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொரு வரிசையிலும் கைகூப்பிக்கொண்டு நடந்தேன். "பிரதமன் இன்னும் கொஞ்சம் விளம்பச் சொல்லும் வேய், ஓட்டு உமக்குத்தான்" என்றார் ஒருவர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் பின்னால் கோர்ட்டில் வந்து சொன்னார்.

ஜெயித்தேன். சட்டசபைக்குப் போனேன். அதற்கு முன் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம். ஒருவர் இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று அரசாங்கம் ஒரு வரம்பு கட்டியிருந்தது. பணக்காரன் பணத்தைக் கொட்டி ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக. நல்ல சட்டம், இன்றைக்கும் அதை நான் நல்ல சட்டம் என்றே சொல்வேன். சித்தப்பா நோட்டீஸ் அச்சடித்தது, காருக்குப் பெட்ரோல், மைக்கு வாடகை, தொண்டர்களுக்குக் காப்பி எல்லாம் எழுதினான். "கல்யாணம்?" என்று ஒரு வார்த்தை கேட்டான். "அது என்னடே செலவு?" என்றேன். அவனும் ஆமாம் என்றுவிட்டான்.

இதை நீ நம்ப வேண்டும். ஒளிக்க வேண்டும் என்று நாங்கள் அதை விடவில்லை. நம் வீட்டில் செலவு என்றால் கையிலிருந்து காசு போவது. கோட்டாறு கம்போளத்தில் போய்ப் பணம் கொடுத்து வாங்கினால் செலவு. நம் பத்தாயத்தில் கிடந்த நெல்லை அவித்துக் குத்தி, நம் தென்னையில் விழுந்த தேங்காயைத் துருவி, நம் வாழையில் அறுத்த இலையில் போட்டால் அது எப்படிச் செலவாகும்? வந்தவனுக்குச் சோறு போட்டதைக் கணக்கெழுதினால் என் அப்பா எழுந்து வந்து செவிட்டில் அறைந்திருப்பார். வெளியூர் வியாபாரி எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். நெல் விளைகிற வீட்டுக்காரன் மட்டும்தான் செய்வான். என்னை எதிர்த்து நின்று தோற்றவர் அரிசி மொத்த வியாபாரி. ஒரு படி அரிசி என்ன விலை என்று அவருக்குத் தெரியும். கல்யாணச் சோறும் தேர்தல் செலவுதான், அதைக் கணக்கில் காட்டவில்லை, தேர்தல் செல்லாது என்று மனுப் போட்டார்.

அந்த விசாரணைக்கு நீ ஒரு நாள்தான் வந்தாய். மற்ற நாள்களையும் நீ பார்த்திருக்க வேண்டும். நீதிபதிகளாக மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் உன் கல்யாணத்தை இலை இலையாகப் பிரித்துப் போட்டார்கள். சாப்பிட்டவர்களில் உறவு எத்தனை, வாக்காளர் எத்தனை என்று தெரிய வேண்டுமாம். உறவுக்குப் போட்டது கல்யாணம், வாக்காளருக்குப் போட்டது தேர்தல். உன் அம்மா வழி அத்தானைக் கூண்டில் ஏற்றி, "நீங்கள் உறவா, வாக்காளரா?" என்று கேட்டார் அவர்கள் வக்கீல். "ரெண்டும்தான்" என்றார் அவர். "எதற்காகச் சாப்பிட வந்தீர்கள்?" "பசிச்சுதுல்லா." பக்கத்து ஊர் வெற்றிலைக் கடைக்காரர், "வெத்தல பாக்கு வச்சு அழைச்சாவ. அழைச்ச வீட்டுக்குப் போவாம இருந்தா மரியாதை இல்லல்லா" என்றார். நடுவில் இருந்த நீதிபதி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். நானும் முதலில் சிரித்தேன். நாள் போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. யார் நமக்கு உறவு, யார் ஓட்டு என்று பிரித்துப் பார்க்க எனக்கே பழகிவிட்டது. தெருவில் எதிரே ஒருவர் வந்தால், இவர் எந்தப் பக்கச் சாட்சி என்றுதான் முதலில் தோன்றும். வழக்கு என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதில், பின்னால் போன வயலைவிடப் பெரியது, ஆளை ஆளாகப் பார்த்த அந்தப் பழக்கம்தான்.

எதிரி சும்மா இருந்தவரில்லை. அவருக்கு லாரி ஓடியது, தெருத்தெருவாகப் பந்தல் போட்டார்கள். எங்கள் வக்கீல் அதைக் கேட்டபோது, நண்பர்கள் தாங்களாகச் செய்தது, எனக்குத் தெரியாது என்றார் எதிரி. அதற்கு ரசீதும் நண்பர்கள் பெயரில் இருந்தது. சட்டம் அதைத் தொடவில்லை. நண்பர்கள் வாங்கிக் கொடுத்த பெட்ரோல் வரம்புக்கு வெளியே, நான் அவித்த நெல் வரம்புக்கு உள்ளே. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்போது யோசித்தால் அதுவும் சரியாகத்தான் படுகிறது. அவர் செய்ததும் தப்பு, நான் செய்ததும் தப்பு, அவருக்குத் தப்பைச் செய்யத் தெரிந்தது.

உன்னைச் சாட்சிக்கு அழைத்தது அவர்கள்தான். வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டால் நான் மானத்துக்குப் பயந்து ராஜிக்கு வருவேன் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். உன் மாமனார், "எங்க வீட்டுப் பிள்ளை கோர்ட்டுப் படி ஏறுகதா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு அடங்கிப் போனார். நம் வக்கீல் ஒரு வழி சொன்னார். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு உடம்பு சுகமில்லாததால் மாப்பிள்ளை வீட்டார்தான் நாளை முன்னால் வைக்கச் சொன்னார்கள் என்று நீ சொல்ல வேண்டும். பெரியப்பாவும் செத்துப் போயிருந்தார், மறுத்துச் சொல்ல ஆளில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க நானே உன் வீட்டுக்கு வந்தேன். நீ காப்பி கொண்டு வந்து வைத்தாய். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அவருக்கு அப்ப உடம்பு நல்லாத்தானே அப்பா இருந்துது? பந்தியில முன்ன நின்னுல்லா விளம்புனாரு" என்றாய். "வக்கீல் சொன்னதைச் சொல்லு மக்கா" என்றேன். நீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

கூண்டில் நீ தலையைக் குனியாமல் நின்றாய். அவர்கள் வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார். "கல்யாண நாளை மாற்றியது யார்?"

"எங்க அப்பா."

"எதற்காக?"

"தேர்தலுக்கு முன்னால வச்சா நல்லதுன்னு."

நம் வக்கீல் எழுந்தார், உட்கார்ந்தார். அவர்கள் வக்கீல் விடவில்லை. "அப்படியானால் அம்மா, அன்று நடந்தது உங்கள் கல்யாணமா, உங்கள் அப்பாவின் தேர்தலா?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு அந்த மூன்று பேரையும் பார்த்துச் சொன்னாய்: "தாலி எனக்காக்கும் கெட்டுனது. சோறு யாருக்குப் போட்டதுன்னு எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சித்தப்பா உன்னைத் திட்டிக்கொண்டு வந்தான், நான் கேட்டுக்கொண்டு வந்தேன். வாயை மூடுடே என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நம் நெல்லுக்குக் கோட்டாறு விலை போட்டார்கள். தேங்காய்க்கு விலை, இலைக்கு விலை, விறகுக்கு விலை. உறவுக்காரர்கள் என்று ஒரு பங்கைக் கழித்தார்கள், அந்தத் தயவும் காட்டினார்கள். மீதியே வரம்பைத் தாண்டிவிட்டது. தேர்தல் செல்லாது, சில வருஷங்களுக்கு நான் நிற்கவும் கூடாது என்று தீர்ப்பு. மேல்கோர்ட்டுக்குப் போனேன். அங்கும் அதுவே. தேர்தல் செலவுக்கு வரம்பு வைத்த சட்டம், வழக்குச் செலவுக்கு வைக்கவில்லை. வாய்க்காலை ஒட்டிய நல்ல வயல் வக்கீல்களுக்குப் போனது. நீ பேறுகாலத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தபோது சித்தப்பா வாசலில் வந்து நின்று என்னிடம் பேசிவிட்டு உன்னைப் பார்க்காமலே போவான். உனக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். நீ பொய் சொல்லியிருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது, அவர்கள் நெல்லைத்தான் நிறுத்தார்கள், உன் சொல்லை அல்ல. இதை நான் அப்போதே நான்கு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன். சித்தப்பாவுக்கும் போன வாரம் வாசித்துக் காட்டாத குறையாகச் சொல்லிவிட்டேன். அவன் மூக்கைச் சொறிந்துகொண்டு போனான்.

இனி வள்ளி கல்யாணத்துக்கு வருகிறேன். நீ பஸ் ஏறிய இரண்டாம் நாள் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாசிக்குள் தேர்தல் வந்துவிடும் என்கிறார்கள். புது ராஜ்யம், புது ஆள் நிற்கிறார். அவருக்காகப் பேச வந்தார்கள். வள்ளிக்குத் தையில் கல்யாணம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. "அண்ணாச்சி, நீங்க நிக்கலை. இது உங்க வீட்டு விசேஷம். யாரு கணக்குலயும் வராது. அரிசி, தேங்கா எல்லாம் நாங்க இறக்குகோம். ஊரை நீங்க அழைச்சாப் போதும். நம்ம ஆளு வந்து கும்பிட்டுட்டுப் போவாரு" என்றார்கள். சட்டத்தை நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அன்று எதிரியின் நண்பர்கள் லாரி ஓட்டினார்கள். இன்று நான் நண்பனாகச் சோறு போட வேண்டும்.

நான் உடனே எழுந்து வாசலைக் காட்டினேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வயல் போய்விட்டது, பத்தாயத்தில் பாதிதான் இருக்கிறது. அவர்கள் அரிசி இறக்கினால் உனக்குப் போட்டது போலவே வள்ளிக்கும் போடலாம். நீ கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லலாம். இரண்டு மகள்களுக்கும் ஒரே மாதிரி என்று ஊர் சொல்லும். ஒரு நாள் முழுக்க அந்த ஆசை என்னை விடவில்லை. உன் அம்மா வீட்டில் இருந்த அரிசியை முறத்தில் எடுத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை வள்ளியைக் கூப்பிட்டுக் கேட்டேன். உன்னிடம் கேட்காததை அவளிடம் கேட்டேன் என்று நீ கோபப்படலாம், கோபப்படு. "ஊருக்கே சோறு போடணுமா, உள்ளது போதுமா?" என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "எத்தனை பேருக்குப் போட்டா என்ன அப்பா? எனக்குக் கொஞ்சம் பிரதமன் மிச்சம் வச்சாப் போதும். அக்காவுக்குக் கிடைக்கலைல்லா" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள்தான் சொன்னாள். வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில்தான் உட்கார வேண்டும் என்பதால் நீ பெண்களோடு கடைசியில் உட்கார்ந்தாயாம். பிரதமன் இரண்டும் தீர்ந்துவிட்டது. அவியலும் இல்லை. சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு, "எனக்கு இது போரும்" என்று சொல்லி எழுந்துவிட்டாயாம். வள்ளி பாவாடை கட்டிய பிள்ளை, உன் பக்கத்தில் இருந்திருக்கிறாள். அப்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்டேன். "நீங்க வாசல்ல ஆளுகள வழியனுப்பிக்கிட்டு நின்னிய" என்றாள்.

மக்கா, அந்தச் சாப்பாட்டை இரண்டு கோர்ட்டுகள் அளந்தன. எத்தனை வரிசை, எத்தனை பந்தி, யார் யார் வந்தார்கள் என்று கேட்டார்கள், நான் பதில் சொன்னேன். பெண் சாப்பிட்டாளா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அதை நினைத்து, இந்த வயதில், வள்ளி முன்னால் அழுதுவிட்டேன். அவள் பயந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

கட்சிக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சம்பந்தி வீட்டுக்கும் போய் வள்ளி கல்யாணத்தை வைகாசிக்கு மாற்றிவிட்டேன். உன் கல்யாணத்தைத் தேர்தலுக்கு முன்னால் இழுத்தேன், இவளுடையதைத் தேர்தலுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறேன். ஓட்டு முடிந்த பிறகு நான் யாருக்கும் வேண்டாதவன். அன்று வருகிறவர்கள் வள்ளிக்காக வருவார்கள். மாசி அறுவடையில் வருகிற கும்பப்பூ நெல்லை வைத்துப் போடுவேன். சிறிய பந்திதான். ஒரே பிரதமன்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: இல்லை, வள்ளிக்கு ஊருக்கே சோறு போட மாட்டேன். தேர்தல் இல்லாமல் இருந்திருந்தால் உனக்கும் போட்டிருக்க மாட்டேன். உனக்கும் இதே போலச் சிறிய பந்திதான் போட்டிருப்பேன், உன் பக்கத்தில் நின்றிருப்பேன்.

வைகாசியில் ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ பிள்ளையோடு வா, நான் வந்து அழைத்துக்கொள்கிறேன், முட்டு வலியைப் பார்த்துக்கொள்ளலாம். முதல் பந்தியில், முதல் இலையில் நீ உட்கார வேண்டும். பிரதமனை நானே விளம்புவேன். வீட்டுப் பெண் முதல் பந்தியில் உட்காரக் கூடாது என்று யாராவது சொன்னால், போய் மனுப் போடச் சொல்.

உன் அப்பா